குடியேற்ற அனுமதிகள்: போக விடுவது எது, வந்துபோக விடுவது எது?

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் நர்சிங்கோ டிப்ளமோவோ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்குகிறது: எந்த நாட்டுக்குச் சீக்கிரம் விசா கிடைக்கும்? பச்சைத் தேயிலை விலை பறிப்புக் கூலிக்கும் உரத்துக்குமே கட்டாத மாதங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சம்பளம் நிச்சயமாக வருகிற இடத்தைத் தேடுவதில் வியப்பில்லை. ஆனால் நீண்ட காலம் தங்கும் எண்ணத்தோடு கிளம்புகிறவர்கள் உள்ளே விடும் அனுமதியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்த அனுமதி கையில் இருக்கும்போது ஊருக்கு வந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ தங்க நேர்ந்தால் அது செல்லுமா, செல்லாமல் போகுமா? இதற்கான பதிலில் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. பெற்றோரும் கொஞ்சம் நிலமும் ஊரில் உள்ள குடும்பத்துக்கு இந்தக் கேள்வியை முதலில் வைத்துத்தான் நாடுகளை வரிசைப்படுத்துவேன்.

இதை நான் எழுதுவது என் அக்காள் மகளுக்காகத் தேடிச் சேர்த்த விவரங்களை வைத்து. அவளுக்கு 28 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்துக் கோவையில் வேலை பார்க்கிறாள். கணவர் ஐடிஐ படித்த எலெக்ட்ரீஷியன். அக்காவுக்கும் அத்தானுக்கும் அவள் ஒரே மகள். கோத்தகிரி அருகே ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. இருவருக்கும் இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அவள் நீண்ட நாள் ஊரில் இருக்க வேண்டிய காலம் அப்போதுதான் வரும். ஆகவே இன்று எடுக்கும் விசா அன்றைக்கு என்ன நிலையில் இருக்கும் என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு.

காகிதம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. விடுபட்ட 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டன. அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் என் பெற்றோர். அம்மாவின் தமக்கை இலங்கைப் பட்டியலில் நின்றுவிட்டார். ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த அக்காவும் தங்கையும் அதன்பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. போவதற்கு ஒரு காகிதம் கிடைத்தது. வந்துபோவதற்கு ஒன்று கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

முதலில் வளைகுடா. நம் ஊரிலிருந்து இதுவே எளிது. கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் உண்டு. நர்ஸ் என்றால் சான்றிதழ் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும் முடித்து ஒரு வருடத்துக்குள் வேலையில் சேர்ந்துவிடலாம். அமீரகத்தில் வருமான வரி இல்லை. வேலை விசா பொதுவாக இரண்டு ஆண்டுக்கு, புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் அது வேலையோடு பிறந்து வேலையோடு முடியும் அனுமதி. சாதாரணக் குடியிருப்பு விசா வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து நாட்டுக்கு வெளியே இருந்தால் அது ரத்தாகிவிடும். ஓய்வூதியமும் கிடையாது, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் 30 நாள் என்ற கணக்கில் பணிக்கொடை தருவார்கள். பத்து ஆண்டுக்கான கோல்டன் விசாவுக்கு இந்த ஆறு மாத விதி இல்லை. துபாய் ஹெல்த் அமைப்பில் 15 ஆண்டுக்கு மேல் பணிசெய்த நர்ஸ்களுக்கு அதை வழங்குவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். பதினைந்து ஆண்டு உழைத்தபின் வரும் சலுகையை நம்பி 28 வயதில் திட்டம் போட முடியாது. வளைகுடாவை நான் குடியேற்றமாகவே எண்ணவில்லை. ஐந்தாறு ஆண்டில் கடனை அடைத்து, கொஞ்சம் சேர்த்துத் திரும்பும் வேலையாக எடுத்துக்கொண்டால் அது நல்ல வழி.

வளைகுடாவுக்கு முகவர் மூலம் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர், வேலைக்குப் போகும் ஒருவரிடமிருந்து வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கேட்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். முகவரின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நாமே பார்த்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களை அனுப்புகிறது; அங்கே விசாரிக்காமல் தனியாரிடம் பணம் கட்ட வேண்டாம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியகல்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்புகிறோம் என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டார்கள். நர்ஸ்களுக்கு வழி இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் ஐந்து ஆண்டில் கிடைத்துவந்த நிரந்தர அனுமதியைப் பொதுவாகப் பத்து ஆண்டுக்குத் தள்ளும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கை முன்வைத்தது. விதி பாதியில் மாறக்கூடிய நாட்டை நம்பி இப்போது கிளம்பச் சொல்ல எனக்கு மனமில்லை. சிங்கப்பூர் கைக்கெட்டும் தூரம், தமிழ் ஆட்சிமொழி, கோவையிலிருந்து நேரடி விமானம் என்று ஈர்க்கும். நிரந்தரவாசம் மட்டும் முழுக்க அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் மகன்களுக்கு ராணுவம் போன்றவற்றில் இரண்டு ஆண்டு தேசிய சேவைக் கடமை உண்டு என்பதையும் குழந்தை பிறக்குமுன்பே யோசித்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் உண்மையான போட்டி ஜெர்மனிக்கும் கனடாவுக்கும்தான்.

ஜெர்மனியின் பெரிய நன்மை, கையில் பணம் இல்லாதவருக்கும் அது திறந்திருப்பது. நர்ஸுக்கு அங்கே ஆள் தேவை இருக்கிறது. மொழிப் படிப்புச் செலவையும் விமான டிக்கெட்டையும் வேலை கொடுப்பவரே ஏற்கும் ஏற்பாடுகள் நிறைய உண்டு. கேட்கப்படும் விலை மொழி. நர்ஸாகப் பதிவு பெறுவதற்கு ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 எனப்படும் மேல்நடுத்தர நிலை வேண்டும். ஒன்றும் தெரியாமல் தொடங்குகிறவருக்கு இது ஒரு வருடத்துக்குக் குறையாத உழைப்பு. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன், கோவையில் கோத்தே மையம் ஆகியவற்றில் படிக்கலாம். போய்ச் சேர்ந்ததும் நம் பட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்து எது குறைகிறது என்று எழுத்தில் தருவார்கள். அதை ஈடுசெய்யப் பயிற்சியோ தேர்வோ முடிக்கும்வரை உதவி நர்ஸாகத்தான் வேலை. இந்த இடைக்காலச் சம்பளம் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். கணவர் துணைவர் விசாவில் சென்றால் அவருக்கு வேலை செய்ய முழு உரிமை உண்டு. வேலை தேடுவதற்கென்று 2024 ஜூனில் தொடங்கிய வாய்ப்பு அட்டையும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் வைக்க வேண்டும். 2025 கணக்கில் அது மாதத்துக்கு 1,091 யூரோ. ஒப்பந்தத்தோடு போகிற நர்ஸுக்கு அது தேவையில்லாத வழி.

தகுதி பெற்ற பணியாளராக மூன்று ஆண்டு வேலை செய்து பி2வுக்கு ஒருபடி கீழான பி1 மொழித் தேர்ச்சியும் இருந்தால் நிரந்தர வாழிட அனுமதி கேட்கலாம். குடியுரிமைக்கு ஐந்து ஆண்டு. மூன்றே ஆண்டில் குடியுரிமை என்று இன்னும் சில இடங்களில் விளம்பரம் செய்கிறார்கள். அந்த வழி 2025 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது. நான் கவலைப்படும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஜெர்மன் வாழிட அனுமதி, நிரந்தர அனுமதியும் உட்பட, ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் பொதுவாகச் செல்லாமல் போய்விடும். முன்கூட்டியே அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் காரணம் சொல்லிக் கூடுதல் காலம் வாங்கலாம், ஆனால் அது கேட்டுப் பெறவேண்டிய அனுமதி. ஐந்து ஆண்டுக்குப் பின் கிடைக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீண்டகால வாழிட அனுமதி ஒன்றியத்துக்கு வெளியே 12 மாதம் வரை தாங்கும். அப்பா படுக்கையில் விழுந்தால் ஒரு வருடம் ஊரில் இருந்து பார்த்துக்கொள்வேன் என்று நினைக்கும் பெண்ணுக்கு, முதல் ஐந்து ஆண்டில் ஜெர்மனி இறுக்கமான நாடு. பெற்றோரை அங்கே அழைத்துக்கொள்ள 2024 மார்ச் முதல் புது வழி ஒன்று திறந்திருந்தாலும், அவர்களுடைய வாழ்க்கைச் செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் நாமே உறுதி செய்ய வேண்டும். அறுபது வயதைக் கடந்தவருக்கு அங்கே காப்பீடு எடுப்பது லேசான காரியமல்ல.

கனடா இதற்கு நேர் எதிர். நுழைவதுதான் கடினம், நுழைந்தபின் கயிறு நீளம். வயது, படிப்பு போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு ஆளெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் தேர்வானால், கனடாவில் இறங்கும்போதே கணவன், மனைவி இருவரும் நிரந்தரவாசிகள். அந்த உரிமையைத் தக்கவைக்க ஐந்து ஆண்டில் 730 நாள் கனடாவில் இருந்தால் போதும். மீதி மூன்று ஆண்டையும் கோத்தகிரியில் கழித்தாலும் கேள்வி இல்லை. மூன்று ஆண்டுக்குச் சமமான 1,095 நாள் இருந்தால் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். பெற்றோருக்கு சூப்பர் விசா உண்டு. ஒருமுறை நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம், குறைந்தது ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

நுழைவுக் கணக்கில் வயது பெரிய விஷயம். மணமானவருக்கு 29 வயது வரை வயதுக்கென்று 100 புள்ளி. 30 பிறந்ததும் 95, பிறகு ஆண்டுக்கு ஐந்தைந்தாக இறங்கி 39இல் 50 ஆகிவிடும். 45இல் ஒன்றுமில்லை. என் அக்காள் மகள் முடிவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடத்துக்கும் விலை உண்டு. 2025 மார்ச் முதல், கனடாவில் வேலை உறுதி இருந்தால் கிடைத்த கூடுதல் புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன், புள்ளி ஏறும் என்று யாராவது பணம் கேட்டால் அது பொய். சுகாதாரத் துறையினருக்கென்று தனித் தேர்வுச் சுற்றுகள் 2023 முதல் நடப்பது நர்ஸ்களுக்கு ஆறுதல். ஆனால் நிரந்தரவாசம் கிடைப்பது வேறு, நர்ஸாக வேலை செய்ய உரிமம் கிடைப்பது வேறு. சான்றிதழ் மதிப்பீடும் என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வும் மாகாணப் பதிவும் முடியும்வரை வேறு வேலைதான் பார்க்க வேண்டியிருக்கும். கையில் உரிமை இருந்தும் தொழிலை இழந்து நிற்கும் அந்த மாதங்களை ஓட்டப் பணம் வேண்டும். என்கிளெக்ஸை இங்கிருந்தே எழுதிவிட்டுப் போவது நல்லது.

அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டுக் கணக்கு இடித்தது. 2025 ஜூலை அளவுப்படி ஒருவருக்கு 15,263, இருவருக்கு 19,001 கனடா டாலர் கையிருப்பு காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது. வங்கியில் ஆறு மாதச் சராசரி இருப்பையும் காட்ட வேண்டும். நிலத்தின் மதிப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். "சித்தி, ஒன்றரை ஏக்கர் இருக்கிறதே, அதற்கு மதிப்பே இல்லையா?" என்று அவள் கேட்டாள். விற்று ரொக்கமாக்கினால் ஒழிய இல்லை. விற்பதைப் பற்றிப் பேச்செடுக்கவே நான் விடவில்லை. எந்த நாட்டுக்கு வீடு மாறினாலும், திரும்பி வர இடம் இருக்கிறது என்ற தைரியம்தான் பிள்ளைகளை அங்கே கெட்ட வேலைக்கும் கெட்ட முதலாளிக்கும் தலை வணங்காமல் காப்பாற்றுகிறது.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வந்துபோகும் உரிமையில் கனடாவுக்கு நிகர், ஒருவகையில் மேல். ஆஸ்திரேலிய நிரந்தரவாசி கடைசி ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு அங்கே இருந்திருந்தால், வந்துபோக மீண்டும் ஐந்து ஆண்டு அனுமதி பெறலாம். நியூசிலாந்தில் வாழிட விசாவில் இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 184 நாளாவது இருந்து நிரந்தர விசா வாங்கிவிட்டால், அதன்பின் எத்தனை நாள் வெளியே இருந்தாலும் அது காலாவதியாவதில்லை. இதைவிடத் தாராளமான காகிதத்தை நான் பார்க்கவில்லை. செலவுதான் தடை. இந்தியாவில் படித்த நர்ஸ் அங்கே பதிவு பெற எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும். அந்தச் செய்முறைத் தேர்வு ஆஸ்திரேலியாவுக்கு அடிலெய்டிலும் நியூசிலாந்துக்குக் கிறைஸ்ட்சர்ச்சிலும் நடக்கிறது. வேலை கிடைக்குமுன்பே சொந்தச் செலவில் போய் எழுதித் தேறவேண்டிய தேர்வு அது. சேமிப்பு உள்ளவர்கள் இதைத் தயங்காமல் முதலிடத்தில் வைக்கலாம்.

விசாவைப் பேசுகிற அளவுக்கு நம் வீடுகளில் நிலத்தைப் பேசுவதில்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்ட விதிகளின்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியரும், வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் இந்தியாவில் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வீடோ கடையோ வாங்கலாம். தேயிலைத் தோட்டம் வாங்கக் கூடாது. வேலைக்கென்று கிளம்பிப் போனாலே இந்த விதிக்கு அவர் வெளிநாட்டில் வாழ்பவர்தான். குடியுரிமை மாற வேண்டியதில்லை. ஏற்கெனவே தன் பெயரில் உள்ள நிலத்தை வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் காலத்துக்குப் பின் வாரிசாகவோ உயில் மூலமோ வருவதையும் பெறலாம். ஆனால் உயிரோடு இருக்கும் அப்பா, வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குத் தேயிலை நிலத்தைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க முடியாது. நம் பக்கம் பெற்றோர் வழக்கமாகச் செய்வது இதைத்தான். பிள்ளை போய்ச் செட்டில் ஆகட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருப்பார்கள். எழுதுவதானால் பிள்ளை கிளம்பும் முன்பே, தங்கள் வாழ்நாள் வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுத வேண்டும். இல்லையென்றால் உயில்.

அத்தானுக்கு ஓர் ஆசை இருந்தது. பக்கத்து அரை ஏக்கர் விலைக்கு வந்தால், மகள் அனுப்பும் பணத்தில் அவள் பெயரிலேயே வாங்கிவிடலாம் என்று. அது சட்டப்படி கூடாது. மகள் அப்பாவுக்குப் பணம் கொடுக்கலாம், அப்பா தன் பெயரில் வாங்கலாம். இதை அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் அவரே கேட்டார்: "அப்படியானால் அவள் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால்?" இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி வேற்று நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓசிஐ அட்டை எடுத்தால் ஆயுள் முழுக்க விசா இல்லாமல் வந்து எவ்வளவு நாளும் தங்கலாம். வாக்கு இல்லை, அரசு வேலை இல்லை, தோட்டம் வாங்கும் உரிமை இல்லை. ஜெர்மனியின் ஆறு மாத இறுக்கத்திலிருந்து விடுபட அந்நாட்டுக் குடியுரிமையும் ஓசிஐயும் நல்ல சேர்க்கைதான். விலை இந்திய வாக்குரிமை. ஏற்கெனவே ஒருமுறை நாடு மாறிய குடும்பத்துக்கு அது சிறிய விலை அல்ல.

ஆவணங்களை அவள் சாப்பாட்டு மேசையில் பரப்பியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அத்தானின் பெயர் ஆங்கிலத்தில் அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், நர்சிங் கவுன்சில் பதிவில் ஓரெழுத்து குறைவாகவும், பாஸ்போர்ட்டில் இலங்கையில் எழுதிய மாதிரியும் இருந்தது. அவளுடைய பெயரிலும் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் விரித்து எழுதப்பட்டுப் பின்னால். தாயகம் திரும்பியோர் வீடுகளில் இது சர்வசாதாரணம். இந்த ஓரெழுத்துக்காகச் சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனங்கள் கோப்பை மாதக் கணக்கில் நிறுத்திவைக்கும். எந்த நாடு என்று முடிவாகுமுன்பே எல்லா ஆவணத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகச் செய்துவிட வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு லட்சம் சொந்தப் பணம் இருந்திருந்தால் கனடா என்று ஒரே சொல்லில் சொல்லியிருப்பேன். இல்லாத நிலையில், நிலத்தை அடகு வைக்காமல் போகக்கூடிய நாடு ஜெர்மனி. பெற்றோர் திடமாக இருக்கும் இந்த ஐந்து ஆண்டில் அந்நாட்டின் இறுக்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம். அதன் பிறகு நீண்டகால அனுமதியா குடியுரிமையா என்பதை அவளும் கணவரும் முடிவு செய்யட்டும். அவளும் அதற்கே வந்தாள். கோவையில் மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டாள், கணவரும் கூடவே படிக்கிறார். பி2 தேர்வு முடிவதற்குள் செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகிவிட வேண்டும் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். பத்திரம் பதிந்ததோடு நிற்காமல் பட்டாவிலும் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவள் இல்லாத நாளில் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் போய்வர நம்பிக்கையான ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுத்தான் அவள் விசாவுக்குச் சென்னைக்குப் போக வேண்டும்.